தோளும் சக்கரமும் வழியும்: இறுதி ஊர்தியின் வரலாறு

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர்களின் பெயர்களையும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளையும் கொண்டு மட்டும் அறிந்துவிட முடியாது. அந்நாட்டு மக்கள் எவ்வாறு உண்டனர், எவ்வாறு உடுத்தினர், தம்முள் இறந்தவரை எவ்வாறு வழியனுப்பினர் என்பனவும் வரலாறே ஆகும். பாடநூல்கள் முன்னதை விரிவாகக் கூறுகின்றன. பின்னதைப் பெரும்பாலும் கூறுவதில்லை. ஆகவே நம் கல்விச் சங்கத்தின் இவ்வெள்ளி விழா மலரில், இறந்தோரைச் சுமந்து செல்லும் ஊர்திகளின் வரலாற்றை எழுத முற்படுகிறேன்.

மங்கலமான விழா மலரில் சாவைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஊராரின் திருமணத்திற்கு அழைக்கப்படாத நம் முன்னோர், ஊராரின் சாவிற்கு மட்டும் தவறாமல் அழைக்கப்பட்டனர். பறை முழக்கவும், வெளியூருக்குத் துக்கச் செய்தி கொண்டு செல்லவும், குழி வெட்டவும், விறகு அடுக்கவும் அவர்கள் வேண்டியிருந்தது. ஆனால் அவர்கள் வீட்டில் ஒருவர் இறந்தால், அவ்வுடலைப் பொதுத்தெரு வழியே எடுத்துச் செல்லப் பல ஊர்களில் உரிமை இல்லை. ஆகவே இறுதி ஊர்தியின் வரலாறு நமக்கு அயலார் வரலாறு அன்று. அதனைக் கற்கும்போது இரண்டு வினாக்களை மனத்திற் கொள்ள வேண்டும். சுமந்தவர் யார்? அவர் சென்ற வழி யாருடையது?

பண்டைத் தமிழகத்தில்

தமிழர்தம் பழம்பெரும் நூலாகிய புறநானூற்றில் இறந்தவரைக் கிடத்தும் பாடை, கால் இல்லாத கட்டில் என்னும் பொருள்படக் குறிக்கப்படுகிறது. வீட்டில் உறங்கும் கட்டிலுக்குக் கால்கள் உண்டு. அது நிலத்தில் நிற்கும். இக்கட்டிலுக்குக் கால்கள் இல்லை. மனிதர் தோள்களே அதன் கால்கள். பாடையின் இயல்பை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லுதல் அரிது.

இறந்தவரைப் பெரிய தாழியில் வைத்துப் புதைக்கும் வழக்கமும் இருந்தது. ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட தாழிகளே இதற்குச் சான்று. புறநானூற்றுப் பாட்டு ஒன்றில், கணவனை இழந்த பெண் ஒருத்தி குயவனை நோக்கிப் பேசுகிறாள். ஓடும் வண்டியின் ஆரக்காலைப் பற்றிக்கொண்டு வந்த சிறு பல்லியைப் போலத் தான் கணவனோடு பல வழிகளைக் கடந்து வந்ததாகக் கூறி, தனக்கும் இடம் இருக்குமாறு தாழியை அகலமாகச் செய்து தர வேண்டுகிறாள். சக்கரமும் சாவும் ஒரே பாட்டில் இணைந்திருப்பதை நாம் காண்கிறோம்.

மணிமேகலைக் காப்பியத்தின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் புகார் நகரத்துச் சுடுகாடு விரிவாகக் காட்டப்படுகிறது. எரித்தல், வெளியே இட்டுச் செல்லுதல், குழியிற் புதைத்தல், தாழ்ந்த இடத்தில் வைத்து அடைத்தல், தாழியாற் கவித்தல் என ஐந்து முறைகள் ஒரே மதிலுக்குள் நடைபெற்றன. இறந்தோரைக் கொண்டுவந்து சேர்த்த இடம் ஒன்றாகவே இருந்தது. ஆயினும் இறந்தோருக்கு எழுப்பிய நினைவுக் கோட்டங்கள் நால்வகை வருணத்திற்கு ஏற்ப வேறு வேறாக இருந்தன என்றும் அக்காதை தெரிவிக்கிறது. உடல்கள் ஓரிடத்திற் சேர்ந்த பின்னும் வேறுபாட்டை உயிருடன் இருப்போர் விடவில்லை.

பாடையும் தேரும்

பச்சை மூங்கிலை வெட்டி, குறுக்குக் கழிகளை வைத்துக் கட்டி, தென்னங்கீற்றைப் பரப்பிச் செய்யப்படும் எளிய பாடையே நெடுங்காலமாகத் தமிழக மக்களின் இறுதி ஊர்தி. வசதி மிக்கோர் அதன் மேல் வளைவுகளைக் கட்டி, பூச்சரங்களைத் தொங்கவிட்டு, அதனைத் தேராகவும் பல்லக்காகவும் மாற்றினர். நம் வட மாவட்டங்களில் இன்றும் அதனைத் ‘தேர்’ என்றே சொல்லுகிறோம்.

அண்ணாமலையின் அடியில் வாழும் நமக்குத் தேர் புதிய பொருள் அன்று. கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாளில் திருவண்ணாமலை மாட வீதிகளில் ஐந்து தேர்கள் உலா வருகின்றன. இறைவனுக்கு ஆண்டில் ஒரு நாள் கிடைக்கும் தேர், மனிதனுக்கு வாழ்நாளின் முடிவில் ஒருமுறையேனும் கிடைக்கட்டும் என்னும் ஆசையே பாடையைத் தேராக்கியது எனலாம். உயிரோடு இருந்தபோது பல்லக்கில் ஏறாத ஏழையும் இறந்த பின் அதில் ஏறினான்.

இத்திருக்கோயிலில் சாவோடு தொடர்புடைய வழக்கம் ஒன்றும் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் இங்குத் தங்கி ஆண்ட போசள மன்னன் மூன்றாம் வல்லாளனுக்கு மகப்பேறு இல்லை என்றும், அண்ணாமலையாரே அவனுக்கு மகனானார் என்றும் தலபுராணம் கூறும். மன்னன் இறந்த செய்தி எட்டியதைக் குறிக்கும் வகையில் தைப்பூசத் தீர்த்தவாரி முடிந்து சுவாமி மேளதாளம் இன்றித் திரும்புவார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் மன்னனுக்குத் திதி கொடுக்கப்படும். ஒரு மனிதனின் ஈமக்கடனைச் செய்வதை இறைவனே இழிவாக எண்ணவில்லை என்பது இவ்வழக்கத்தின் பொருள். அப்படியிருக்க, அக்கடனில் உடலுழைப்பைத் தந்த மக்களை மட்டும் இழிந்தோர் என்று ஒதுக்கியது எவ்வகை நீதி?

சுமந்தவர் யார்?

பாடையைத் தோளில் தாங்குவது உற்றார் உறவினரின் உரிமை. தந்தைக்கு மகனும், மாமனுக்கு மருமகனும் தோள் கொடுப்பது பெருமையாகக் கருதப்பட்டது, இன்றும் கருதப்படுகிறது. ஆனால் அப்பாடைக்கு மூங்கில் வெட்டுவதும், முன்னே பறை முழக்கிச் செல்வதும், சுடலையில் இரவெல்லாம் விழித்திருந்து உடலை எரித்து முடிப்பதும் பெருமையாகக் கருதப்படவில்லை. அவை ஒரு சாரார்மீது பிறப்பினால் சுமத்தப்பட்டன. அவற்றுக்குக் கூலியாக வாய்க்கரிசியும், கோடித்துணியும், சில காசுகளும், அறுவடைக் களத்தில் கொஞ்சம் நெல்லும் கிடைத்தன. வேண்டாம் என்று மறுக்கும் உரிமை மட்டும் கிடைக்கவில்லை.

தமிழகத்துச் சுடுகாடுகள் பலவற்றின் வாயிலில் அரிச்சந்திரன் பெயரால் ஒரு கல்லோ மேடையோ இருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். பாடையை அங்கு இறக்கி வைத்த பின்னரே உள்ளே எடுத்துச் செல்வர். அரசனாகிய அரிச்சந்திரன் சிலகாலம் சுடலை காத்தான் என்பதற்காக நாடு அவனை இன்றளவும் போற்றுகிறது. அதே தொழிலைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்களுக்கு என்ன போற்றுதல் கிடைத்தது? இளைஞர்கள் சிந்திக்க வேண்டும்.

20ஆம் நூற்றாண்டில் பல ஊர்களில் நம் முன்னோர், சாவுக்குப் பறை அடிப்பதில்லை, குழி வெட்டுவதில்லை என்று கூடி முடிவெடுத்தனர். அதற்காக வேலை இழந்தவர்களும் ஊரை விட்டு வெளியேறியவர்களும் உண்டு. நூல்களில் அவர்கள் பெயர் இல்லை. ஆயினும் இன்று அதே பறை மேடையில் கலையாக மதிக்கப்படுகிறது என்றால், அன்று அதைக் கட்டாயத்திற்காக அடிக்க மறுத்தவர்களே அதற்குக் காரணம்.

மேல்நாட்டில் இறுதி ஊர்தி

இறந்தோர் ஊர்திக்கு ஆங்கிலத்தில் ‘ஹெர்ஸ்’ என்று பெயர். இச்சொல்லின் பிறப்பு வியப்புக்குரியது. உழுத நிலத்தில் மண்கட்டியை உடைப்பதற்கு உழவர் பயன்படுத்தும், பற்கள் வைத்த கருவிக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கிய பெயர் அது. தேவாலயத்தில் சவப்பெட்டியின் மேல் மெழுகுவர்த்திகளைக் குத்தி வைக்கும் சட்டம் அக்கருவியைப் போல் இருந்ததால் அப்பெயரைப் பெற்றது. பின்னர் அச்சட்டத்திலிருந்து சவப்பெட்டியைக் கொண்டு செல்லும் வண்டிக்குப் பெயர் மாறியது. உழவனின் கருவி அரசர்களின் இறுதி ஊர்திக்குப் பெயர் தந்தது.

மேல்நாட்டிலும் வேறுபாடு இல்லாமல் இல்லை. இலண்டன் மாநகரில் இடுகாடுகள் நிரம்பிவிட்டபடியால், 1854 ஆம் ஆண்டு வாட்டர்லூ நிலையத்திலிருந்து புரூக்வுட் இடுகாட்டிற்கு இறந்தோருக்கென்றே ஒரு தொடர்வண்டி விடப்பட்டது. அதில் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டுமன்றி, சவப்பெட்டிகளுக்கும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என மூன்று வகைப் பயணச்சீட்டுகள் இருந்தன. 1941 இல் இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அதன் நிலையம் அழிந்தது. அத்துடன் அவ்வண்டியும் நின்றது. அங்கே பணம் வகுத்த வகுப்பு. இங்கே பிறப்பு வகுத்த வகுப்பு. பணத்தால் வந்த வகுப்பைப் பணம் தேடி மாற்றிக்கொள்ளலாம். பிறப்பால் வந்ததை எதைக் கொண்டு மாற்றுவது? அதனாலேயே நம் நாட்டில் சட்டமும் போராட்டமும் தேவைப்பட்டன.

1901 பிப்ரவரியில் விக்டோரியா பேரரசியின் உடல் பீரங்கி வண்டியில் வைக்கப்பட்டு விண்ட்சர் நகரில் எடுத்துச் செல்லப்பட்டது. குதிரைகளின் பூட்டுவார் அறுந்துபோகவே, கடற்படை வீரர்கள் கயிறு கட்டித் தம் கைகளால் வண்டியை இழுத்தனர். தற்செயலாக நேர்ந்த அது பின்னர் அரச மரபாகவே ஆயிற்று. 1948 சனவரி 31 அன்று தில்லியில் காந்தியடிகளின் உடல் இராணுவ மோட்டார் வண்டி ஒன்றில் வைக்கப்பட்டது. அவ்வண்டியின் இயந்திரம் இயக்கப்படவில்லை. முப்படை வீரர்கள் வடம் பிடித்து அதனை இழுத்துச் சென்றனர். தமிழகத்திலும் 2018 ஆகஸ்டு 8 அன்று கலைஞர் மு. கருணாநிதியின் உடல் பீரங்கி வண்டியில் இராசாசி மண்டபத்திலிருந்து கடற்கரைக்குக் கொண்டுசெல்லப்பட்டதை நாம் தொலைக்காட்சியில் கண்டோம்.

இந்நிகழ்ச்சிகளிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று உண்டு. இறந்தவரைச் சுமப்பதும், அவர் ஏறிய வண்டியை இழுப்பதும் தம்மளவில் இழிவு அல்ல. மனம் விரும்பிச் செய்யும்போது அது மரியாதை. மறுக்க முடியாமல் செய்யும்போது அது அடிமைத்தனம். செயல் ஒன்றுதான், உரிமை இருக்கிறதா இல்லையா என்பதே வேறுபாடு.

அண்ணலின் இறுதிப் பயணம்

நம் மக்கள் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய இறுதி ஊர்வலம் ஒன்று உண்டு. அண்ணல் அம்பேத்கர் 1956 டிசம்பர் 6 அன்று தில்லியில் மறைந்தார். அவருடைய உடல் விமானத்தில் பம்பாய்க்குக் கொண்டுவரப்பட்டு, அவர் நூல்களுக்காகவே கட்டிய இராசகிருகம் என்னும் இல்லத்தில் வைக்கப்பட்டது. மறுநாள் மலர்களால் அலங்கரிக்கப்பட்ட லாரியில் ஊர்வலம் புறப்பட்டு, மாநகரத்தின் பெருந்தெருக்கள் வழியே தாதர் கடற்கரையை அடைந்தது. பல இலட்சம் மக்கள் உடன் சென்றனர். பௌத்த முறைப்படி எரியூட்டல் நடைபெற்றது. அவ்விடத்திலேயே ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பௌத்தம் தழுவினர்.

இளமையில் மாட்டு வண்டியில் ஏறியபோது சாதி தெரிந்ததும் வண்டிக்காரனால் அவமதிக்கப்பட்டவர் அவர். அவருடைய இறுதி ஊர்திக்கு ஒரு மாநகரமே வழி விட்டது. இதனைக் கல்வியின் வெற்றி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

வழிக்காக நடந்த போராட்டம்

ஊர்தி இருந்தால் மட்டும் போதாது. அது செல்ல வழி வேண்டும். 1893 ஆம் ஆண்டு திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்லுவண்டி ஒன்றில் ஏறி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் துணிந்து சென்றார். வண்டி ஓட்டுவதே அங்குப் போராட்டமாயிற்று. 1924 இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக அறப்போர் நடந்தது. அதே 1924 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம் ஆகியவற்றை எவ்வகுப்பாரும் பயன்படுத்தத் தடை இல்லை என்று அது உரைத்தது. அரசும் அதனை ஆணையாக வெளியிட்டது.

1950 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955 ஆம் ஆண்டுச் சட்டம், சாலை, வழி, இடுகாடு, சுடுகாடு ஆகியவற்றைத் தீண்டாமையின் பெயரால் மறுப்பதைக் குற்றமாக்கியது. 1976 இல் அச்சட்டம் கடுமையாக்கப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்னும் பெயரைப் பெற்றது. சட்டம் எழுதப்பட்டுவிட்டது. ஆனால் பாடை சென்றதா?

அண்மைக் காலத்து நிகழ்ச்சிகள்

2016 சனவரியில், மயிலாடுதுறை அருகே உள்ள திருநாள்கொண்டச்சேரியில் நம் சமுதாயத்து முதியவர் ஒருவர் இறந்தார். பொதுத்தெரு வழியே உடலை எடுத்துச் செல்லச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயினும் எதிர்ப்பு அடங்கவில்லை. முடிவில் காவலர்களே உடலை எடுத்து, வேறு வழியாகச் சென்று அடக்கம் செய்தனர். உறவினர் தோள் கொடுக்க வேண்டிய பாடையைக் காவல்துறை சுமந்தது; உயர்நீதிமன்றம் திறந்த வழி பூட்டியே கிடந்தது.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் மற்றொரு கொடுமை நேர்ந்தது. பாலாற்றங்கரைச் சுடுகாட்டிற்குச் செல்லும் வழி வேலியிட்டு அடைக்கப்பட்டிருந்ததால், ஏறத்தாழ 20 அடி உயரப் பாலத்தின் மேலிருந்து பாடையைக் கயிறு கட்டி இறக்கினர். அக்காட்சியை நாடே பார்த்தது. உயர்நீதிமன்றம் தானாகவே அதனை வழக்காக எடுத்துக்கொண்டது. பாலம் இருந்தது, ஆறு இருந்தது, சுடுகாடும் இருந்தது; நடுவே சில அடி நிலமே மறுக்கப்பட்டது.

2020 ஏப்ரலில் கொரோனா நோயால் சென்னையில் ஒரு மருத்துவர் இறந்தார். அவருடைய உடலைக் கொண்டுசென்ற ஆம்புலன்சை ஒரு கூட்டம் தாக்கியது, ஊழியர்கள் காயமுற்றனர். நள்ளிரவில் உடன் பணியாற்றிய மருத்துவரே மண்வெட்டி பிடித்துக் குழியை மூட வேண்டியதாயிற்று. உடனே தமிழக அரசு, இத்தகைய அடக்கத்தைத் தடுப்போருக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை என அவசரச் சட்டம் இயற்றியது. அது வரவேற்கத்தக்கதே. இறந்தவரின் ஊர்தியைத் தெருவில் மறித்தால் நெஞ்சம் எவ்வளவு துடிக்கும் என்பதைப் பெருநகரத்தார் அன்று உணர்ந்தனர். நம் மக்களோ அதனைத் தலைமுறைகளாக அறிந்தவர்கள்.

இன்றைய ஊர்திகள்

இன்று மூங்கில் பாடையின் இடத்தை மோட்டார் வண்டி பெரிதும் பிடித்துவிட்டது. கண்ணாடி பதித்த வேன்கள் ‘சொர்க்க ரதம்’, ‘வைகுண்ட ரதம்’ என்னும் பெயர்களோடு ஓடுகின்றன. டிராக்டரும் சிறு லாரியும் பூ அலங்காரத்துடன் தேராகின்றன. 108 ஆம்புலன்ஸ் உயிரைக் காப்பதற்கானது. அது இறந்தோரை ஏற்றுவதில்லை. அரசு மருத்துவமனையில் இறந்தவரின் உடலை வீட்டிற்குக் கட்டணமின்றிக் கொண்டுவந்து சேர்க்க, செஞ்சிலுவைச் சங்கத்தின் வாயிலாக அமரர் ஊர்திச் சேவை நடத்தப்படுகிறது. அதன் அழைப்பு எண் 155377. இதனை அறியாமல் துயர நேரத்தில் தனியார் வண்டிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துக் கடன்படுவோர் நம்மில் பலர்.

இத்தகைய வசதி எங்கும் உண்டு என்று எண்ணிவிட வேண்டாம். 2016 ஆகஸ்டில் ஒடிசாவின் காலாகண்டி மாவட்டத்தில் பழங்குடியினர் ஒருவர், மருத்துவமனையில் இறந்த தம் மனைவியின் உடலைத் துணியிற் சுற்றித் தோளிலே சுமந்து, அழுதுகொண்டே வந்த மகளுடன் ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் நடந்தார். சக்கரம் தோன்றி ஆயிரமாயிரம் ஆண்டுகள் கழிந்தும், ஏழைக்குத் தோளே ஊர்தியாயிற்று.

இளைஞர்கள் செய்ய வேண்டுவன

முதலாவதாக, சட்டத்தை அறிதல் வேண்டும். 1989 ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015 இல் திருத்தப்பட்டு, 2016 சனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, நம் மக்களுள் ஒருவரை மனித உடலையோ விலங்கின் உடலையோ அகற்றுமாறும் சுமக்குமாறும், குழி வெட்டுமாறும் செய்வது குற்றம். இடுகாட்டையும் சுடுகாட்டையும் பிறரோடு சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதும் குற்றம். தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும் ஆகும்.

இரண்டாவதாக, சாவு நேர்ந்த அன்று வழிக்காக வாதாடுவதைவிட, சாவு நேராத நாளில் அதற்காக உழைத்தல் நன்று. உங்கள் ஊர்ச் சுடுகாட்டிற்குச் செல்லும் வழி வருவாய்த்துறை வரைபடத்தில் வண்டிப்பாதையா, தனியார் பட்டா நிலமா என்று பாருங்கள். அமரர் ஊர்தி சுடுகாடு வரை செல்லுமா, மழைக்காலத்தில் சேற்றில் சிக்குமா என்று நடந்து பாருங்கள். குறை இருந்தால் கிராம சபையில் எழுதிக் கொடுத்துத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். அதன் நகலைப் பாதுகாத்து வையுங்கள். துயரத்தில் மூழ்கிய குடும்பத்தால் இவற்றைச் செய்ய இயலாது. படித்த இளைஞனால் இயலும்.

மூன்றாவதாக, இறந்தவருக்குப் பூத்தேர் கட்டக் கடன் வாங்கும் வழக்கத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மரியாதை வேண்டாம் என்று நான் கூறவில்லை. நெடுங்காலம் மறுக்கப்பட்ட தேரை நம் மக்கள் விரும்புவது இயல்பே. ஆனால் தந்தையின் பூத்தேருக்காக வாங்கிய கடனை அடைக்க மகன் பள்ளிப்படிப்பை நிறுத்தினால், அத்தந்தைக்கு அது மரியாதை ஆகாது.

இம்மலரைக் கையில் ஏந்தும் மாணவர்களுள் நாளை வட்டாட்சியர்களும் பொறியாளர்களும் வழக்குரைஞர்களும் உருவாவார்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை. அப்பொறுப்பில் அமரும்போது, எந்த ஊரின் வரைபடத்தைப் பார்த்தாலும் சுடுகாட்டிற்குச் செல்லும் கோட்டை முதலில் தேடிப் பாருங்கள். அது ஊர் எல்லார்க்கும் ஒரே கோடாக இருந்தால் மகிழுங்கள். இரண்டாக இருந்தால், அதனை ஒன்றாக்கும் கோப்பில் கையெழுத்திடுங்கள்.